ஐந்தாம் கட்டிலின் அலை

“டாக்டர், நீங்க இப்பவே வந்தே ஆகணும்.”

மார்ச் மாதம் போனில் நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு நர்ஸ் டாக்டரிடம் அப்படிக் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே சிஸ்டர் புஷ்பவள்ளி சொல்லியிருந்தார். மொனிட்டரில் தெரிவதைச் சொல்லலாம். வருவதும் வராததும் அவர்கள் பாடு.

டாக்டர் மகேந்திரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். மூன்றாம் கட்டில்காரர் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கை ஆடினால் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களும் ஆடும். திரையில் அது உயிரைக் குடிக்கிற வேகத்துடிப்பு மாதிரியே அகல அகலமாக ஓடும்.

“பட்டம் வாங்குன புள்ளைக்குப் பல்லு தேய்க்கிறதும் ஹார்ட் அட்டாக்கா லா?” என்றார் சிஸ்டர். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து நான் ‘பிரஷ்’ ரதி.

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். திரையில் ஓடும் அலைகளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். விரலில் மாட்டிய கிளிப்புக்கும் திரையில் ஓர் அலை உண்டு. பல் தேய்ப்பவருக்கு அது நிதானமாக ஓடும். இதயமே தறிகெட்டால் அதுவும் தட்டையாகும். ஜூன் மாதத்துக்குள் அந்த வார்டில் என்னைவிட அலை வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

ஜூலையில் ஐந்தாம் கட்டிலுக்குச் சன்னாசி வந்தார். புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பதினான்கு வயதில், அப்பா செம்பனைக் குலைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மண்டோரிடம் லோரி கேட்டேன். “ஒங்கப்பன் நடிக்கிறான் லா. கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்” என்றார். அப்பா எழவில்லை.

அதை மனதில் வைத்து நான் எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் வேளை தவறாமல் அவருக்கு மருந்து கொடுத்தேன். முதுகு துடைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அலாரம் அடித்தது.

“ரதி, என்னா அது?” மருந்தறையிலிருந்து சிஸ்டர் கேட்டார்.

“அஞ்சாம் கட்டில் பல் தேய்க்கிறாரு, சிஸ்டர்.”

அவர் சிரித்தார். நான் அலாரத்தை அடக்கினேன். அச்சாகி வந்த தாளில் ‘பல் தேய்த்தல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சன்னாசியின் சாவுக்கு என் தவறான வாசிப்பே காரணம் என்று உங்கள் விசாரணை அறிக்கை சொல்கிறது. அனுபவம் போதாதவள், கேலிக்குப் பயந்தவள் என்றும் இருக்கிறது. இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் வாசிப்பில் தவறில்லை. கிளிப்பின் அலை தட்டையாவதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகே அவரிடம் போனேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“பாப்பா, நெஞ்சு படபடங்குது. டாக்டரக் கூப்புடும்மா.”

“கொஞ்ச நேரம் படுங்க மண்டோர். சரியாயிரும்.”

மண்டோர் என்றதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

பக்கத்து மேசையில், கிண்ணத்துத் தண்ணீரில் அவருடைய பல்செட் கிடந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, முழுவதும். நான்தான் கழுவி வைத்திருந்தேன். கிண்ணத்தை அவர் கை படாத ஓரத்துக்கு நகர்த்தி, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே நடந்தேன்.