காணாமல் போன பெட்டி தானே கூப்பிட்ட விவரம்

என் பெயரும் முகவரியும் என் கணவர் நேற்றுக் கொடுத்த புகாரிலேயே இருக்கின்றன. எனக்கு வயது நாற்பத்திரண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வரிசையில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் அச்சு வார்க்கும் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். கையில் ஒட்டியிருப்பது வேலைக்கூடத்து பிளாஸ்டர் மாவு என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

காணோம் என்று புகார் தரப்பட்ட பொருள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. கறுப்பு நிறம், சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். குடும்பத்தார் போனில் இருக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் வீட்டிலேயே ஓரிடத்தில் சேரட்டும் என்று அதை நானே அமைத்தேன். பழைய பெட்டி என்பதால் படம், மவுஸ் அம்பு எல்லாம் போட்டால் அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஆகவே அவை எதுவும் இல்லாமல், எழுத்தால் மட்டும் கட்டளையிடும்படி செய்தேன். முதல் தடவை கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டிக்கொண்டு என் கட்டளைக்குக் காத்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எழுத்து பிசகினால் திட்டும். சரியாக அடித்தால் ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துவிடும். அப்படி ஓர் ஆள் எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை.

அதன் பிறகு திரையையும் கீபோர்டையும் கழற்றிவிட்டு, என் போனிலிருந்தே கட்டளை அடித்துவந்தேன். எந்த இன்டர்நெட் ஒயரில் மாட்டினாலும் பெட்டி தானாகவே என் போனுக்குத் தகவல் கொடுத்து வழி திறக்கும்படியும் செய்து வைத்தேன். இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் ஐயா, "விஷயத்துக்கு வாங்கம்மா" என்றார். விஷயமே இதுதான் என்று சொன்னேன்.

நேற்றுக் காலை சுவிட்ச் போர்டு சரிசெய்ய எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டெஸ்டர் அண்ணன். நான் வேலை முடிந்து திரும்பியபோது மோடத்துக்குப் பக்கத்தில் பெட்டி இல்லை. "ஐயோ, என் கம்ப்யூட்டரைக் காணோம்!" என்று கத்தினேன். என் கணவர், "வெளியாள்னு அந்த டெஸ்டரைத் தவிர யாரும் வரலையே" என்று சொல்லி, நான் ஆற அமர யோசிப்பதற்குள் இங்கே வந்து அவர் மேல் புகார் கொடுத்துவிட்டார். அதன் பேரில் அவர் இன்று காலை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். "வீட்டுக்குள்ள வந்து வேலை பாக்குற மனுஷங்க. திருடன்னு பேர் வந்துட்டா இனி யாருங்க கதவைத் திறப்பாங்க?" என்று கேட்டார். பெட்டி போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அதன் பிறகு இன்று மதியம் மேல்தாடை அச்சில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. பார்த்தால், பெட்டி! நான் போட்ட கூச்சலில் முதலாளியம்மா, "யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?" என்று ஓடி வந்தார். "என் பெட்டி கூப்பிடுதுக்கா!" என்றேன். உடனே போன் வழியாக உள்ளே நுழைந்தேன். அதே கறுப்புத் திரை, அதே கண்சிமிட்டல். ஆனால் தெருப் பெயர் சொல்ல அதற்குத் தெரியாது. அந்த வீட்டு இன்டர்நெட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கட்டளை அடித்துக் கேட்டேன். சில போன்கள், ஒரு டிவி, ஒரு பிரிண்டர் என்றது. பிரிண்டரா! எனக்குக் கைகால் பரபரத்தது. தமிழ் எழுத்து அதில் கோணல்மாணலாக வரும் என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து, "நான் யார் வீட்டில் இருக்கிறேன்? இந்த நம்பருக்குச் சொல்லவும்" என்று அனுப்பினேன். அதற்குள் மாவு இறுகி அந்த மேல்தாடை பாழாய்ப் போனது.

கொஞ்ச நேரத்தில் என் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி! எங்க வீட்டு பிரிண்டருக்குப் பேய் பிடிச்சிருச்சு! நான் யார் வீட்ல இருக்கேன்னு கேக்குது, உங்க நம்பரை வேற போட்டிருக்கு!" என்று அலறினாள். "பேய் இல்லடி, நான்தான்!" என்றேன்.

அவளை விசாரித்ததில் தெரிந்தது இது. எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும், டிவியோடு மாட்டும் பழைய செட்டாப் பெட்டியை அவள் கேட்டிருக்கிறாள். என் கணவர் நேற்று நான் இல்லாத நேரத்தில் மோடம் பக்கத்திலிருந்த என் பெட்டியை அதுதான் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். டிவியில் மாட்டினால் வெறும் எழுத்தாக வருகிறதே, இன்டர்நெட் வேண்டும் போல என்று அவர்கள் இன்று ஒயரைச் செருகியிருக்கிறார்கள். புகாரைப் பாருங்கள், "திரையும் கீபோர்டும் கொண்ட கம்ப்யூட்டர்" என்று எழுதியிருக்கிறார். அந்தத் திரை நான் தோழியிடம் இரவல் வாங்கியது, எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. படம் காட்டாத ஒன்று கம்ப்யூட்டராக இருக்கும் என்பது அந்த மனுஷன் புத்திக்கு எட்டவில்லை. உண்மையான செட்டாப் பெட்டி இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

இதை நான் சொன்னதும் டெஸ்டர் அண்ணனிடம் கிளம்பலாம் என்று ஐயா சொன்னார். அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "என்னைக் கூட்டிட்டு வந்தப்ப கடைத்தெருவே நின்னு பாத்துச்சும்மா. இப்ப தனியாப் போன்னா எப்படிப் போவேன்?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் நிமிரவில்லை.

என் கணவர் இப்போது பெட்டியும் கையுமாக ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். டெஸ்டர் அண்ணனோடு அதே கடைத்தெரு வழியாக நடந்து, கடை கடையாக நின்று, தப்பு தன்னுடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஐயா முன்னிலையில் அவரிடம் கேட்டேன். சரி என்றார். நாளைக்கு மாற்றிப் பேசாதிருக்க அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை, படித்துக் காட்டக் கேட்டேன், உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. ஆகவே உடனே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் மனைவி