செவர்லேயின் முன் பம்பர்

குரோம் மேல் துரு தெரிந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள், ஐயா. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துரு போய்விடும், கீறல் விழாது.

இது மேலோட்டமான துருவுக்கு. எங்கள் செவர்லேக்கு இது போதவில்லை. அன்ஃபூஷியில் கடற்கரைக்கு அடுத்த தெருவில் நிற்கும் கார் அது. உப்புக்காற்று பம்பர் முழுக்கக் குழி பறித்திருந்தது. அப்பா இறந்தபின் காரை நான் பராமரித்தேன். தம்பி ஷவ்கி ஓட்டினான்.

ஜன்னல் பட்டைகளையும் கைப்பிடிகளையும் நானே சரிசெய்தேன். முன் பம்பரை மட்டும் முலாம் பட்டறையில் கொடுத்தேன். பழைய பூச்சை எடுத்து, குழிகளை இழைத்து, செம்பு ஏற்றி, நிக்கல் ஏற்றி, அதன்மேல் குரோம் போட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது பட்டறைக்காரர், "தகடு காகிதமாட்டம் ஆயிருச்சு ருஷ்தி. இன்னொரு தடவை இழைச்சா ஓட்டை விழுந்துரும். இதுதான் கடைசி. நசுங்காம பாத்துக்க" என்றார். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஷவ்கியின் மகள் நெர்மீனுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மணப்பெண் இந்தக் காரில் போவதாக ஏற்பாடு. ஷவ்கி என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான். "பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான் காரு, பம்பரை ஊர்வலம் விட இல்லண்ணே. ஒரு டப்பா வெள்ளிப் பெயின்ட் அடிச்சிருந்தா போன வருஷமே முடிஞ்சிருக்கும்." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வாரம் திங்கட்கிழமை மதியம் பிரேக் குழாயில் கசிவு இருப்பதைப் பார்த்துவிட்டு, தானே சரிசெய்கிறேன் என்றான். காரோடு வந்த பழைய ஜாக்கி டிக்கியில் இருந்தது. அதைப் பம்பரில் கொக்கிபோட்டு மாட்டித்தான் தூக்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

"அப்ப என்ன, பட்டுத்துணி சுத்தித் தூக்கட்டுமா?" என்று சிரித்தான்.

பக்கத்து வீட்டில் சின்ன ஜாக்கி ஒன்று வாங்கிவந்து, அடியில் செங்கல் கொடுத்து நானே நிறுத்தினேன். எங்கள் சந்து லேசான சரிவு. அது எனக்குத் தெரியும். ஷவ்கிக்கும் தெரியும். ஆனால் நான் நிறுத்தியது என்பதால் அவன் சோதித்துப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மல்லாந்து உள்ளே போனான்.

ஜாக்கி நழுவியது. பெரிய சத்தம் இல்லை. நெஞ்சுக்குமேல் கார் இறங்கிவிட்டது. அவனால் பேச முடிந்தது.

"அண்ணே, மூச்சு விட முடியல. ஹெந்தாவி கடையில ஆளுங்க இருப்பாங்க. கூப்பிடு."

ஹெந்தாவியின் காப்பிக்கடை சந்து முனையில். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஒரு குரல் போதும். டாமினோ ஆட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடிவருவார்கள். எதுவும் கேட்கமாட்டார்கள். கைக்குக் கிடைத்ததைப் பிடித்துத் தூக்குவார்கள். முன்பக்கம் கைக்குக் கிடைப்பது பம்பர்தான். விரலில் மோதிரத்தோடு அத்தனை பேர் சேர்ந்து இழுத்தால் அந்தத் தகடு என்ன ஆகும் என்று எனக்குக் கண்முன் தெரிந்தது.

நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"என்னண்ணே பண்ற?"

"ஒரு நிமிஷம், ஷவ்கி."

அவன் கிடந்த இடத்திலிருந்து என் கைகளைப் பார்க்க முடியும். புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். "பழைய ஜாக்கிய மாட்டிரு. கீறினா கீறிட்டுப் போகட்டும்" என்றான். அதன்பின் பேசவில்லை. பொறுமையாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

துருப்பிடித்த நட்டுகளாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். இவை நானே கிரீஸ் வைத்து முடுக்கியவை, சுலபமாக வந்தன. கடைசி ஒன்று மட்டும் அடம்பிடித்தது. அவசரப்பட்டால் மரை போய்விடும். அவசரப்படவில்லை. பம்பரை இறக்கி, கம்பளியில் சுற்றி, சுவரோரம் படுக்கவைத்தேன். பிறகு கூப்பிட்டேன். உரக்கத்தான் கூப்பிட்டேன், ஹெந்தாவியே சொல்லியிருப்பார்.

எல்லோரும் வந்தார்கள். "எங்கடா பிடிக்கிறது? பிடிக்க ஒண்ணுமே இல்லையேடா" என்று ஹெந்தாவி கத்தினார். முதல் தடவை கொஞ்சம் எழும்பி, கைகளிலிருந்து வழுக்கி, கார் மறுபடி அவன்மேல் இறங்கியது. இரண்டாவது தடவை தூக்கிவிட்டார்கள். தோளைப் பிடித்து வெளியே இழுத்தது நான்தான். அடக்கத்தின்போது அதைப் பலரும் சொன்னார்கள்.

பம்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வேலை நடக்கும் காரில் ஒரு பாகம் கழன்று கிடப்பது சாதாரணம்தானே. நெர்மீன்தான் கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அப்பா கார் அடியில போறப்ப நான் பால்கனியில நின்னேன். டீ வேணுமான்னு கேட்டேன். அப்ப பம்பர் மாட்டித்தான் இருந்துச்சு. எப்பக் கழட்டுனீங்க?"

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. உங்களிடம் சொன்னதுபோலவே எல்லாவற்றையும் சொன்னேன், பட்டறைக்காரர் சொன்னது உட்பட. கடைசிவரை கேட்டாள்.

"அப்பா பேசிட்டிருந்தாரா?"

"ஆரம்பத்துல பேசுனான்ம்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள். மறுநாள் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. என் தம்பியைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனா பம்பரா என்று யோசித்து, பம்பரைத் தேர்ந்தெடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டையும் காப்பாற்றத்தான் நினைத்தேன். ஒன்றைத்தான் முடிந்தது.

கல்யாணம் நின்றுபோகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. நாற்பதாம் நாள் கழிந்ததும் நடத்துவார்கள். சாட்சிப்பொருள் என்று உங்கள் ஆட்கள் பம்பரைக் கம்பளிகூட இல்லாமல் தூக்கிப்போனார்கள். கல்யாணத்துக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐயா. பம்பர் இல்லாத காரில் நெர்மீன் எப்படி ஏறுவாள்?