பெயரென்று எண்ணிய சொல்

அவைத்தலைவர் ஐயா லிங்கேஸ்வரன் அவர்களே, ஜமாஅத்துப் பெரியோர்களே, திராட்சைத் தோட்டத்து வேலையை அரைநாளோடு முடித்து ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, முல்லையாற்றுத் தண்ணீரில் வளர்ந்த தம்பி தங்கைகளே, அனைவருக்கும் நடுவே அமைதியாய் அமர்ந்திருக்கும் ரஃபியா அம்மா அவர்களே, பணிந்து வணங்குகிறேன்.

நான் மேடை பழகாதவள். புத்தகங்களோடு மட்டும் பேசிப் பழகியவள். ஆனால் ஷானவாஸின் நினைவுநாளில் பேச அழைத்தபோது, மறுக்க நா எழவில்லை.

படைக்குப் போனவர் பலர். பகை வென்றவர் பலர். குண்டு பொழியும் வெளியில் மருந்துப் பையை மார்போடு அணைத்து ஓடியவர் எத்தனை பேர்? நம் உத்தமபாளையத்து ஷானவாஸ், ராணுவ மருத்துவ உதவியாளன், அப்படி ஓடியவன்.

நாங்கள் ஒரே கல்லூரி. ரத்ததான முகாமில் முதல் ஆளாய்ப் படுத்தவன், ஊசியைப் பார்த்ததுமே மயங்கிவிட்டான். கண் விழித்துக் கேட்டான்: "ஏப்பா, எடுத்துட்டீகளா, இல்ல இனிமேத்தானா?"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இருந்திருந்தால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பான். அவன்தான் அடுத்தவர் குருதியை நிறுத்தப் போனான். அச்சமே அறியாததா வீரம்? அச்சத்தை அறிந்தும் அடுத்த அடி வைப்பதல்லவா வீரம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எல்லையில், ஒரு பகலில் அவன் வீழ்ந்தான். அரசுக் கடிதம் நாளைச் சொன்னது, இடத்தைச் சொன்னது. அவனைப் பெற்ற ரஃபியா அம்மாவின் ஒரே கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "கடைசியில எம் மகன் பக்கத்துல யாராச்சும் இருந்தாகளா, இல்ல தனியாக் கெடந்தானா?" எவருக்கும் தெரியவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் முகவரி, 'இங்கனாவின் தாயார், உத்தமபாளையம்'. தபால்காரர் சுருளிராஜன் டீக்கடையில் கேட்டார்: "இங்கனா வீடு எங்கனப்பா?"

"இங்கன வீடு இங்கனதான இருக்கும். அங்கனயா இருக்கும்?"

கடையே சிரித்தது. மூன்று நாள் அலைந்தவர், கடிதத்தைத் திருப்பி அனுப்புமுன், திராட்சை அடுக்கும் பெண்களிடமும் கேட்டுப் பார்த்தார். ரஃபியா அம்மாவின் கை பெட்டிமேலேயே நின்றுவிட்டது.

"குடுங்கண்ணே. அது எம் மகன்தான். நான் காய்ச்சல்ல கெடந்து கூப்பிட்டா, 'இங்கனதாம்மா இருக்கேன்'னுதான் சொல்லுவான்."

உள்ளே இந்தி. நான் இந்தி படித்தவள் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார். எழுதியவர் ஹரியானாவைச் சேர்ந்த தரம்வீர், வேறொரு படைப்பிரிவின் சிப்பாய். காலில் குண்டுச் சிதறல் பாய்ந்து கிடந்தவருக்குக் கட்டுப் போட்டபடியே, ஷானவாஸ் தன் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தானாம். இன்னொரு குண்டு விழுந்தது. இம்முறை சிதறல் பாய்ந்தது அவன் நெஞ்சில். ஆனாலும் கட்டை முடிச்சிட்டான். "இங்கன, இங்கன" என்று நம் பேச்சில் ஆறுதல் சொல்லிக்கொண்டே சாய்ந்தான்.

அதைத்தான் அவன் பெயரென்று எண்ணினார் தரம்வீர். அவன் குரல் ஓய்ந்ததும் கையைப் பற்றிக்கொண்டார். அவன் கண் மூடும்வரை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்: "இங்கனா, இங்கனா."

அன்பர்களே, அவர் அழைத்தது பெயர். அவன் செவியில் விழுந்தது எது? இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்ற துணையல்லவா? ஈராயிரம் மைலுக்கு அப்பால், தமிழறியா நாவொன்று கம்பம் பள்ளத்தாக்குத் தமிழில் அவனை வழியனுப்பியதல்லவா?

வாசித்து முடித்தேன். ரஃபியா அம்மா கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, "பதில் எழுதுத்தா" என்றார்.

என்ன எழுதுவதென்று கேட்டேன்.

"அவுக காலு ஆறிருச்சான்னு கேளு. எம் மகன் கட்டு நல்லாப் போட்டிருந்தானான்னும் கேளு."

அந்தக் கேள்விக்கு விடை கடிதமாக வரவில்லை. மூன்று நாள் ரயிலில் பயணித்து, மதுரையில் பஸ் மாறி, இன்று காலை நம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தது. அதோ, அம்மாவின் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

இனி நான் பேசுவது பொருந்தாது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கட்டிய கைக்கும் பற்றிய கைக்கும் என் வணக்கம். தரம்வீர் அவர்களே, எழுந்து இப்படி மேடைவரை நடந்து வாருங்கள். அம்மா பார்க்கட்டும்.