கோட்டுக்கு வெளியே நின்ற ராய் ஹேவர்த்

மேடையில் வீற்றிருக்கும் கிளப் தலைவர் என்ட்விசில் அவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் ராயின் துணைவியார் மேவிஸ் அம்மையாரே, ஆஷ்கிராஃப்ட் டவுன் கால்பந்து அணிக்காக எலும்பை முறித்துக்கொண்ட பழைய ஆட்டக்காரர்களே, கொட்டும் மழையில் நனைந்து வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! நம் ராயின் நினைவுக் கூட்டத்தில் கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் எர்னி பிரிக்ஸ். என்னைத் தெரியாதவர்கள் இங்கே யார் இருக்கிறீர்கள்? நாற்பத்தைந்து ஆண்டுகளாக இந்த அணியின் வாளியும் பஞ்சும் என் கையில்தான். மைதானத்தில் ஒருவன் விழுந்தால் ஓடிப்போய், ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சை அவன் பிடரியில் பிழிந்து எழுப்பிவிடுவேன். நான் கற்ற வைத்தியம் அவ்வளவுதான்.

ராய் ஹேவர்த்! நடுக்களத்தின் நாயகன்! நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள், ஒன்பது ஆண்டுகள் கேப்டன்! கால்விரல் முறிந்த நிலையில் பூட்ஸைக் கிழித்து மாட்டிக்கொண்டு ஆடிய மனிதர் அவர். ஆட்டத்தில் வாய் ஓயாது. "என்னடா தூங்குற? பந்து காலடியில கெடக்கு, உன் மாமியார் வந்தா எடுத்துத் தருவா?" என்று அவர் போடும் சத்தம் சாலைக்கு எதிரே இருந்த பஞ்சாலைக்குள் கேட்கும். அங்கே வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். மேவிஸ் அம்மையார் அவர்களில் ஒருவர்தானே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஜனவரியில் நடந்த கோப்பை ஆட்டத்தைப் பற்றிப் பேசும்படி தலைவர் என்னைக் கேட்டுக்கொண்டார். நாட்டின் உச்ச வரிசையில் இருந்த முதல் டிவிஷன் அணியை நாம் வீழ்த்திய ஆட்டம். அதன் இரண்டாம் பாதியில் ராய் ஆடிய ஆட்டத்தை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ராயின் இந்தப் படமும் அன்று எடுத்ததுதான். பேசுகிறேன், தலைவரே. ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் பேச என்னால் முடியாது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம். உயர்ந்து வந்த பந்துக்கு இரண்டு தலைகள் மோதின. அந்தச் சத்தத்தை நான் இன்றும் கேட்கிறேன். ஓடிப்போய்ப் பஞ்சைப் பிழிந்தேன். ராய் கண்ணைத் திறந்தார். ஒரு கண்ணின் பாவை சிறியது, மற்றது பெரியது. "ராய், இது எந்த ஊருடா?" என்றேன். என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன், அங்கே யாரும் இல்லை.

அந்நாளில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர்தான். அவரையும் இறக்கியாகிவிட்டது. மேனேஜர் கத்தினார்: "எர்னி! ஆடுவானா, மாட்டானா? சட்டுனு சொல்லு!"

நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

இரண்டாம் பாதி முழுக்க ராய் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத மனிதர்! தலை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஆனால் எவன் எங்கே ஓடப்போகிறானோ, அவன் ஓடுவதற்கு முன்பே பந்து அங்கே போய்க் காத்திருந்தது. எண்பத்தோராவது நிமிடத்தில் அவரே கோல் அடித்தார். மைதானமே அலறியது. அவரோ சிரிக்காமல், யாரையும் தொடாமல், நடு வட்டத்துக்குத் திரும்பி நடந்தார். கட்டிப்பிடிக்க ஓடிய பையன்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் உடைமாற்றும் அறையின் பெரிய தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தோம். ராய் என் கையைப் பிடித்தார். "எர்னி, எப்பப்பா ஆட்டம் ஆரம்பிக்கும்?" என்றார். அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரித்தேன்!

அந்தப் பாதி அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை. இந்தப் படத்தின் முன் நின்று ஒருமுறை சொன்னார்: "இது நான் இல்லடா. எவனோ என் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறான்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். இத்தனை ஆண்டுகள் கழித்து, சென்ற குளிர்காலத்தில் மேவிஸ் அம்மையார் என்னிடம் சொன்னார்: "எர்னி, வாசப்படியில ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறாரு. யாருக்கு வழி விடுறீங்கன்னு கேட்டா, 'அவன் மொதல்ல போகட்டும், அவன்தான் நல்லா ஆடுறவன்'ங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

கடைசியாக நான் மருத்துவமனைக்குப் போனபோது அவர் சொந்த மகளையே அடையாளம் காணவில்லை. என்னை மட்டும் கண்டுகொண்டார். "நீதானே அவனை உள்ள அனுப்பினது?" என்றார். "நாப்பத்திரண்டு வருஷமா மைதானக் கோட்டுக்கு வெளியவே நிக்கிறேன், எர்னி. குளிருது. என்னை எப்ப உள்ள விடுவ?"

அன்பர்களே! அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

மேவிஸ் அம்மையாரே, எனக்குத் தெரியும். அன்றே தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்தபோதே அவர் ஆடக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். ஊர் கோப்பையைக் கேட்டது, நான் உங்கள் கணவரைக் கொடுத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. நீங்கள் என் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மேடை ஏறினேன்.

ராய் மட்டும் அல்ல. அப்படி நான் எழுப்பி அனுப்பியவர்கள் இன்னும் பதினோரு பேர். அவர்களில் மூவர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். இன்றும் நம் ரிசர்வ் அணிக்கு வாளி தூக்குபவன் நான்தான். ராய் பெயரால் உறுதி சொல்கிறேன்: தலையில் அடிபட்ட எவனையும் இனி நான் உள்ளே அனுப்ப மாட்டேன். அணி பத்துப் பேரோடு ஆடட்டும், தோற்கட்டும், என்னை வேலையை விட்டே துரத்தட்டும்! அந்தப் பதினோரு பேரின் வீட்டுக் கதவையும் தட்டுவேன். டாக்டரிடம் நானே அழைத்துப் போவேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன்...

என்ன நெவில்? ஏன் எழுந்துவிட்டாய்?

"எர்னி, யாருக்குப்பா இந்தக் கூட்டம்? எல்லாரும் கறுப்புல வந்திருக்கீங்க?"

அன்பர்களே, சிரிக்காதீர்கள். தயவுசெய்து யாரும் சிரிக்காதீர்கள். நெவில் ஆர்மெராட் நம் கோல்கீப்பர். எழுபத்தாறில் கோல்கம்பத்தில் தலை மோதி விழுந்தபோது நான் எழுப்பி அனுப்பியவன். காலையிலிருந்து நாலாவது முறையாகக் கேட்கிறான்.

ராய் செத்துப்போயிட்டான், நெவில். நம்ம ராய். உட்காருடா, நான் இறங்கி உன் பக்கத்துல வர்றேன். நீ எத்தனை தடவை கேட்டாலும் சொல்றேன்.