ரூஹெஷ்டான்ட் எழுதினவ

இல்லம்மா, பொண்ணு வீட்டுக்கு இல்ல. எனக்குப் பொண்ணே கிடையாது. இந்தப் பிளம் கேக்கு ஹன்னெலோரெவுக்கு. கூட வேலை பார்த்தவ. நார்ட்ஹைம்ல முதியோர் இல்லத்துல இருக்கா. அங்கயும் பாருங்க, தோட்டத்தைப் பாத்த ரூமு அவளுக்குத்தான் கெடச்சிருக்கு. புதன்கிழமையானா இந்த ரயில்ல கெளம்பிப் போயிடுவேன்.

என்ன வேலையா? ஜெர்மன் அகராதி போடுற வேலை. கோட்டிங்கன்ல ஒரே ரூமு, எதிரெதிர் மேசை, முப்பத்தோரு வருஷம். சிரிக்காதீங்க, ஒரு வார்த்தைக்கு மூணு மாசம்கூட ஆகும். ஆர் எழுத்து வந்தப்போ ரூஹெஷ்டான்ட்ங்கிற வார்த்தை அவளுக்குப் பிரிச்சுக் குடுத்த கட்டுல விழுந்துச்சு. என் கட்டுல என்ன தெரியுமா? ரூபெ. கிழங்கு! பீட்ரூட்டு, டர்னிப்பு, மாட்டுக்குப் போடுறது, அத்தனையும்.

ரூஹெஷ்டான்டா? ஆமாமா, நாம தினம் சொல்றதுதான், வேலையிலேர்ந்து ஓய்வு. ரூஹென்னா அமைதி, ஷ்டான்ட்னா நிலை. ரெண்டையும் ஒட்டினா முடிஞ்சுது, இதுல என்ன கெடக்குன்னு நெனச்சேன். அவ தோண்டித் துருவி, அந்தக் காலத்துல அது ஆபீஸ் சமாச்சாரமே இல்ல, சண்டை ஓஞ்ச ஊரோட நெலமைன்னு பழைய புஸ்தகத்துலேர்ந்து எழுதி வச்ச சீட்டையெல்லாம் கொண்டாந்து போட்டா. உத்தியோகக்காரன் ஓய்வு வாங்கிட்டு வீட்டுக்குப் போற அர்த்தமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சாம். எங்க ஆபீஸ் டைரக்டரே அசந்துபோயி எந்திரிச்சு நின்னுட்டாரு.

ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஓய்வு. விழாவுல அவ இந்த வார்த்தையைப் பத்தித்தான் பேசினா. எல்லாரும் கண்ணைத் தொடச்சாங்க. அடுத்து என்னைக் கூப்பிட்டாங்க. கிழங்கைப் பத்தி என்னத்தப் பேச? நன்றின்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டேன்.

பொறாமையா? இருந்துச்சும்மா. உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ.

இப்போ அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. என் பேரே சில நாள்தான் வரும். கேக்கை ஊட்டிவிட்டுட்டு அந்த வார்த்தையோட கதையைச் சொல்லுவேன். வாயைப் பொளந்துக்கிட்டு கேப்பா. யாருடி இதைக் கண்டுபிடிச்சதும்பா.

நான்தான்னு சொல்லுவேன்.

அடேயப்பா, நீ எவ்வளவு கெட்டிக்காரின்னு என் கன்னத்தைத் தடவுவா. போன வாரம் நர்ஸைக் கூப்பிட்டு, இவதான் அதை எழுதினவன்னு காமிச்சா. அந்தப் பொண்ணு, அப்படியாம்மான்னு என்னைப் பாத்துச்சு. நானும் இல்லைங்கல.

கொஞ்சம் வழி விடுங்கம்மா, நார்ட்ஹைம் வந்துடுச்சு.