தெர்மாகோல் வீடும் நோட்டீஸ்காரரும்

இல்லம்மா, நெசமாத்தான். தெர்மாகோல்தான். புது டி.வி. வாங்கினா பெட்டிக்குள்ள வெள்ளையா முட்டுக்குடுத்து வருமே, அதுக்கு அண்ணன் முறைன்னு வெச்சுக்கோ. அதுலதான் வீடு கட்டியிருக்கேன். சிரி, நல்லா சிரி. எங்க அக்கா சிரிச்சதுல இது கால்வாசிகூட இல்ல. ஊரு உலகத்துல டி.வி.யை வீட்டுக்குள்ள வெப்பாங்க, நீ டி.வி. வந்த பெட்டிக்குள்ள குடித்தனம் பண்ணப் போறியான்னு கேட்டா. பெருங்காத்து அடிச்சா வீடு பட்டம் மாதிரி போயிடும், ஒரு நூலையாவது கட்டி வைடின்னா.

நீ கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு, அப்பத்தான் ஃபேன் காத்து ரெண்டு பேருக்கும் வரும். அந்தக் கவுண்டர் இப்பத் தொறக்காது. டீ நேரம்னு அட்டை மாட்டிட்டுப் போயிட்டாங்க. உனக்கு என்ன வேலை? ஓ, பேரு தப்பா விழுந்திருக்கா? ஒரு எழுத்துதானே, மாத்திக் குடுத்துடுவாங்க. எனக்கா? சொல்றேன், சொல்றேன். நான் வந்த வேலையைச் சொல்லணும்னா வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

நான் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். பகல் பூரா பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கு பிரேக்குன்னு கத்தறவ நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, மெயின் ரோட்டு வளைவுல என் வீடு, அங்க லாரிக்காரன் கத்துவான். சுவரு வேற வெயில்ல காய்ஞ்சு, ராத்திரி சாஞ்சா முதுகு பொரியும். இடிச்சுட்டு வேற கட்டலாம்னு முடிவு பண்ணப்ப யாரோ இந்த வகையைச் சொன்னாங்க. பெரிய பெரிய தெர்மாகோல் கட்டி, நடுவுல காலியா இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அமுக்கினா டக்குனு மாட்டிக்கும், பிள்ளைங்க வெளையாடற கட்டை மாதிரி. உள்ள கம்பி கட்டி, மேலேர்ந்து காங்கிரீட்டை ஊத்தணும். மத்த வீட்டுல பலகை அடிச்சு, இறுகினதும் பிரிச்சிடுவாங்கல்ல? இதுல பிரிக்கிறதே கிடையாது. ரெண்டு பக்கமும் தெர்மாகோல் அப்படியே தங்கிடும், கோட்டுக்கு லைனிங் மாதிரி. வெயிலும் வராது, லாரியும் வராது.

நல்லாத்தானே இருக்குங்கற? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நோட்டீஸ்காரரைப் பாக்கற வரைக்கும்.

பில்டிங் இன்ஸ்பெக்டரும்மா. பேரு என்னவோ இருக்கு, ஆனா கட்டட வேலைக்காரங்க யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. எங்க போனாலும் ஒரு நோட்டீஸ் ஒட்டாம திரும்ப மாட்டாரு, அதனால நோட்டீஸ்காரரு. அம்பத்தி நாலு வயசு, ஒல்லி, சட்டைப் பையில மூணு பேனா. ஒண்ணு ஓடலேன்னா இன்னொண்ணு, அதுவும் ஓடலேன்னா மூணாவது. எழுதறது மட்டும் நிக்கவே நிக்காது.

மொதல் நாளே என் ப்ளானைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஃபாரத்துல சுவர் வகைங்கிற எடத்துல செங்கல் இருக்கு, கல் இருக்கு, உங்களுது எதுலயும் வரலையேம்மான்னாரு. அப்போ ஒரு கட்டம் புதுசாப் போட்டுக்கோங்கன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். எழுதறாரு! தீப்பிடிச்சா எவ்வளவு நேரம் தாங்கும்னு சோதனைத் தாள் வேணும், எவ்வளவு பாரம் தாங்கும்னு இன்ஜினியர் கணக்கு வேணும், கம்பி எங்கெங்க எத்தனைன்னு படம் வேணும். கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கய்யான்னேன். ஜாதகம் தப்பினா ரெண்டு பேருக்குக் கஷ்டம், சுவர் தப்பினா தெருவுக்கே கஷ்டம்னாரு. மூஞ்சியில ஒரு சுருக்கம் மாறல.

அலைஞ்சேன். ரெண்டு மாசம். தாளெல்லாம் கொண்டாந்து மேசையில போட்டேன். ஒவ்வொண்ணாப் படிச்சாரும்மா. எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் பாப்பாங்க, இவரு முன்னுரை படிக்கறாரு.

அப்புறம் ஊத்தறதுக்கு முன்னாடி கம்பி பாக்க வந்தாரு. ஜன்னலுக்கு மேல ஒரு கம்பி குறையுதுன்னுட்டாரு. எங்க மேஸ்திரி, நல்ல மனுசன், அவசரத்துக்குப் பொறந்தவன், ஒரு கம்பிதானே சார்னான். ஒரு பல்லுதானேன்னு உங்க முன்பல்லைப் புடுங்கினா விடுவீங்களான்னு கேட்டாரு. மேஸ்திரி வாயை மூடிக்கிட்டான், பல்லு மேல பயம்.

காங்கிரீட் ஊத்தின நாளைச் சொல்லவா? அய்யோ, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. இதுல ஒரு விதி இருக்கு. மொத்தமா ஊத்தக்கூடாது. வீட்டைச் சுத்திச் சுத்தி, ரெண்டு மூணு அடியா ஏத்திக்கிட்டே வரணும். ஒரே எடத்துல கொட்டினா தெர்மாகோல் தாங்காது. எல்லாருக்கும் தெரியும். ஆனா வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு, மேஸ்திரிக்கு அவசரம், ஒரு மூலையில கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டான். நான் பாத்துக்கிட்டே நிக்கறேன், சுவருக்குத் தொப்பை போடுது! மாசமா இருக்கற மாதிரி முன்னாடி வருது. அப்புறம் டப்புனு ஒரு சத்தம். கீழ ஒரு கட்டி பிச்சுக்கிட்டு, காங்கிரீட் கஞ்சி மாதிரி ஓடி வந்து, அங்க நின்ன என் டிரைவிங் ஸ்கூல் காரு மேல ஏறிடுச்சு. காருல என்ன எழுதியிருக்கு? கற்றுக்கொள்பவர், தள்ளி நிற்கவும்!

நோட்டீஸ்காரரு அன்னிக்கு அங்கதான் இருந்தாரு, எழுதிக்கிட்டு. பேனாவைப் பையில போட்டாரு, செருப்பை அவுத்தாரு, ஓடி வந்து ஒரு பலகையை வெச்சு முதுகைக் குடுத்துட்டாரு. என்னம்மா பாத்துட்டு நிக்கறீங்க, இந்தப் பக்கம் சாயுங்கன்னாரு. நானும் ஓடிப்போய் தோளைக் குடுத்தேன். மேஸ்திரி முட்டுக்கட்டை தேடி வெட்டி அடிச்சு முடிக்கற வரைக்கும் முக்கால் மணி நேரம், நாங்க ரெண்டு பேரும் வீட்டைத் தாங்கிக்கிட்டு நிக்கறோம். அவரு வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டை ஆயிடுச்சு. மூக்கு நுனியில காங்கிரீட். தொடைக்கக் கையில்ல, ரெண்டு கையும் பலகையில. நான் ஊதி விட்டேன். ஆமாம்மா, ஊதினேன், வேற என்ன பண்ணச் சொல்ற?

அப்பத்தான் கேட்டாரு, என் வயசுக்காரங்களுக்கும் வண்டி ஓட்டச் சொல்லித் தருவீங்களான்னு. வாழ்நாள் பூரா பஸ்ஸும் சைக்கிளும்தானாம். நான் சொன்னேன், பிரேக்கு எங்கன்னு தெரிஞ்சா எண்பது வயசுக்கும் தருவேன்னு.

பீஸ் கட்டி, ரசீது கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் வண்டியில ஏறினாரு. கேளு, சாலை விதி அத்தனையும் மனப்பாடம். எந்தப் பலகைக்கு என்ன அர்த்தம், எத்தனை அடி தள்ளி நிக்கணும், தண்ணி மாதிரி ஒப்பிக்கறாரு. ஆனா கிளட்ச்சை விடத் தெரியல! தவக்களை மாதிரி போகுது வண்டி. மஞ்ச விளக்கு எரியும்னு நெனச்சு பச்சையில நிக்கறாரு. பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது. நான் சிரிச்ச சிரிப்புல சீட்டு பெல்ட்டு லாக் ஆயிடுச்சு. வாரம் ரெண்டு நாள் டெஸ்ட் வெச்சு ரெண்டு நாளும் ஃபெயில் போட்டேன். எத்தனை நோட்டீஸ் குடுத்திருப்பாரு, அனுபவிக்கட்டும்.

சரி, அதோட எனக்கு என் வீடு சுளுவா முடிஞ்சிடும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

வந்தாரு ஒரு நாள், ஃபைலோட. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ தட்டிப் பாத்தாரு. தெர்மாகோலைத் தட்டினா என்ன தெரியும், தலகாணியைத் தட்டின மாதிரிதானே? ஜன்னலுக்குக் கீழ காங்கிரீட் தானா எறங்காது, குத்திக் குத்தி எறக்கணும், அன்னிக்கு நாம எல்லாரும் மூலையைப் புடிச்சிட்டு நின்னோம், இங்க குத்தினது யாருன்னு கேட்டாரு. மேஸ்திரி மேகத்தைப் பாக்கறான். அப்போ வெட்டிப் பாக்கணும்னுட்டாரு.

எனக்கு வந்துச்சே கோவம். ஒன்பது நாள் பக்கத்துல உக்காந்து உயிரைக் கையில புடிச்சிக்கிட்டுச் சொல்லிக்குடுத்திருக்கேன், என் சுவரை வெட்டச் சொல்றீங்களான்னேன். நீங்க சொல்லிக்குடுத்தது வண்டி, அதுல சுவரைச் சேக்காதீங்கன்னாரு. சொல்லிட்டு, என் வாசக்கதவுலயே ஒட்டினாரும்மா, வேலையை நிறுத்துன்னு நோட்டீஸ். தடவின பசையையே திரும்பத் தடவினாரு, அதையும் பாத்தேன். ஆனா கோணலில்லாம ஒட்டினாரு.

இனி வண்டி ஓட்டவும் வராதீங்கன்னுட்டேன். மூணு வாரம் அந்த ஜன்னலுக்கு முன்னாடி நின்னு முறைச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில நானே கத்தியை எடுத்தேன். தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி அறுபட்டுச்சு. உள்ள பாத்தா… காங்கிரீட்டே இல்ல. என் கை முழங்கை வரைக்கும் போகுது. ரெண்டு கம்பி மட்டும் துருப்புடிச்சு நிக்குது, அவ்வளவுதான். சுவத்துக்கு அந்தப் பக்கம் என் கட்டிலு வரப்போற எடம்.

அங்கயே தரையில உக்காந்துட்டேன்.

ஒண்ணு சொல்லவா? எங்க வீட்டுக்காரரு ரொம்ப நல்லவரு. போய்ச் சேந்து பதிமூணு வருசம் ஆகுது. எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு, சரியா இருக்கும்பாரு. குழம்பு கரிஞ்சாலும் நல்லா இருக்கு. கூரை ஒழுகினாலும் பரவால்ல. நெஞ்சு வலிக்குதான்னு கேட்டப்பவும், ஒண்ணுமில்ல, வாயுதான், நல்லா இருக்கேன்னாரு. அன்னிக்கு மத்தியானமே முடிஞ்சு போச்சு. என்கிட்ட முகத்துக்கு நேரா, இது சரியில்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லாமத்தான் நான் வாழ்ந்திருக்கேன்னு அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருக்கறப்பத்தான் தோணுச்சு. சே, கண்ணு கலங்குது பாரு. இன்னிக்குப் போய். விடு.

நேரா ஆபீசுக்குப் போனேன். கையெல்லாம் வெள்ளை வெள்ளையா தெர்மாகோல் முத்து ஒட்டியிருக்கு. நீங்க சொன்னதுதான் சரின்னேன். அவரு, தெரியும்னு சொல்லலம்மா. அடிபட்டுடலையே உங்களுக்குன்னு கேட்டாரு.

அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து, திரும்ப ஊத்தி, இன்ஜினியரு பாத்து எழுத்துல குடுத்தாரு. மேஸ்திரி அன்னிக்கு ஜன்னலுக்குக் கீழ குத்தின குத்துல பக்கத்துத் தெருவே அதிர்ந்துச்சு. உள்பக்கம் தெர்மாகோல் வெளிய தெரியக்கூடாது, தீப்புடிக்கும், ஜிப்சம் பலகை அடிக்கணும்னாரு. அடிச்சேன். அலமாரிக்குப் பின்னாடியுமான்னு கேட்டேன். தீ அலமாரியைச் சுத்திக்கிட்டுப் போகாதும்மான்னாரு. அங்கயும் அடிச்சேன்.

கடைசிப் பார்வை. வீடு பளபளன்னு இருக்கு. கதவைச் சாத்தினா லாரி சத்தம் கொசு சத்தம் அளவுகூட இல்ல. ஒவ்வொரு அறையாப் பாத்தாரு. கூடத்துல ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்னாரு. பேனாவை எடுத்தாரு, மூடியைத் தொறந்தாரு. திரும்ப மூடிட்டாரு. என்னால கையெழுத்துப் போட முடியாதும்மான்னாரு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! இன்னும் என்னய்யா குறைன்னு கத்தினேன். ஒரு கடுதாசியை நீட்டினாரு. மேலதிகாரிக்கு எழுதினது. மேற்படி வீட்டில் எனக்குச் சொந்த ஈடுபாடு இருப்பதால் ஆய்வு செய்ய நான் தகுதியில்லாதவன், வேறு அதிகாரியை அனுப்பவும்னு. ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு மண்டையில ஏறல. என்ன ஈடுபாடு, என் வீட்டுல உங்களுக்கு என்ன பங்குன்னு கேட்டேன். பங்கு இல்லீங்க, ஆசைதான் இருக்கு, விதியில ரெண்டும் ஒண்ணுதான்னாரு. சொல்லிட்டு கூரையைப் பாக்கறாரு, அங்க ஏதோ விரிசல் இருக்கற மாதிரி.

நான் என்ன சொன்னேனா? மொதல்ல கிளட்ச்சை மெதுவா விடக் கத்துக்கோங்க, அப்புறம் பாக்கலாம்னேன்.

அப்புறம் ஒரு பொண்ணு இன்ஸ்பெக்டர் வந்துச்சு, உன் வயசுதான் இருக்கும். மாடிப்படிக் கைப்பிடி ரெண்டு அங்குலம் கம்மின்னுச்சு, ஏத்திப் போட்டேன். சர்டிபிகேட் வந்து ஒரு மாசம் ஆச்சு. இல்லம்மா, அதுக்காக வரல, அந்தக் கவுண்டர் கீழ் மாடி. இன்னிக்கு இது வேற.

அந்தா, நோட்டீஸ் போர்டுக்கு முன்னாடி நிக்கறாரே, நீலச் சட்டை, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தாள் விடாமப் படிக்கறாரே, அவருதான். பதிவுக் கல்யாணம்தான். அம்பத்தொரு வயசுல எனக்கு என்ன மேளதாளம்? எங்க அக்கா அந்தத் தூணுக்குப் பின்னாடி அழுதுக்கிட்டு நிக்கறா, சந்தோஷத்துலதான். பக்கத்துல புதுச் சட்டை போட்டவன் மேஸ்திரி. அவங்க ரெண்டு பேரும் சாட்சி. மூணாவதுக்கு அந்தப் பொண்ணு இன்ஸ்பெக்டரைத்தான் சொல்லி வெச்சிருந்தோம், காலையில போன் வருது, எங்கயோ ஒரு சுவரு சாஞ்சிடுச்சாம், போயே ஆகணுமாம். பன்னெண்டு மணிக்குள்ள மூணு கையெழுத்து இல்லேன்னா இன்னும் ஒரு மாசம் போயிடும்மா. அதான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். அடையாள அட்டை வெச்சிருக்கியா கண்ணு? ஒரே ஒரு கையெழுத்து. அவரு வந்து, முழுசாப் படிச்சுப் பாத்துட்டுப் போடும்மாம்பாரு. நீ படிச்சுக்கிட்டு நிக்காத, போட்டுடு, கவுண்டர் தொறந்தாச்சு.