பத்துப் பத்து நிமிடமாக

என் அறைக்குள் வருகிறவர்கள் கைபேசியை அணைத்து வாசல் கூடையில் போட்டுவிட வேண்டும். இருபது வருட வழக்கம். விசாரணைக்கு வந்த நீங்களும் போட்டீர்கள், நன்றி. நான் நடந்துகொண்டே பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டி போட்ட பூனை என்று மாணவர்கள் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தப்பில்லை.

நானூறு வருடத்துக்கு முந்தைய நாடகங்களில் ஆண்கள் காலத்தைச் செலவழிக்கிறார்கள், பெண்கள் காத்திருக்கிறார்கள். இதை எழுதித்தான் பேராசிரியர் ஆனேன். மூன்று புத்தகங்கள். கல்யாணம், குழந்தை எல்லாவற்றையும் அப்புறம், அப்புறம் என்று தள்ளிவைத்தேன்.

என் ஆய்வு மாணவி எட்டாவது வருடத்தில் முடிவுரையைக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்கள் காத்திருக்கவே இல்லையாம். கடிதத்தை ஒளித்து, கதவைத் தாமதமாகத் திறந்து, காலத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்களாம். இரண்டு தடவை படித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்குள் என் கையெழுத்தோடு ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மூன்று மணிக்கு வந்தாள்.

"பாப்பாவ மாமியார்கிட்ட விட்டுட்டு ஓடி வந்தேன் மேடம். ஒரு கையெழுத்துதான்."

"போடுறேம்மா. இந்தப் பக்கம் மங்கலா இருக்கு பாரு. கீழ போய் மறுபடி ஜெராக்ஸ் எடுத்துட்டு வா."

கைபேசியைக் கூடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் நாற்காலியில் ஏறிச் சுவர்க்கடிகார முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். நான்கு பக்கங்கள் மங்கலாக இருந்தன. நான்கு முறை ஏறினேன்.

மூச்சிரைக்க வந்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "இவ்ளோதான் ஆச்சா? நான் ஓட்டப் பந்தயத்துக்கே போயிருக்கலாம் மேடம்."

கையெழுத்துப் போட்டபோது அந்தச் சுவர்க்கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. கூடையிலிருந்து கைபேசியை அள்ளிக்கொண்டு ஓடினாள். அலுவலகம் பூட்டியிருந்தது.

திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். கடைசியாக என்னை. "எட்டு வருஷம் மேடம்" என்றாள்.

அந்த முடிவுரை இப்போது என் நான்காவது புத்தகம். நல்ல கருத்து வீணாகப் போகக் கூடாது. நன்றியுரையில் அவளையும் சேர்த்திருக்கிறேன். கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன், ஆனாலும் கண் அந்த ஆணிக்கே போகிறது, உட்கார விடுவதில்லை.

புகாரிலும் எட்டு வருடம் என்றே எழுதியிருக்கிறாள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நான் எடுத்தது நாற்பது நிமிடம்தான்.